பச்சை விளக்கும் இடது கையும்

அத்தியாயம் 14

சுவர்த் திரை அணைந்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

என் கணவர் எலும்பு டாக்டர். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் மிச்சமிருந்தவர்கள் மூவர்: அவருடைய அம்மா, தங்கை, நான். அத்தை ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். என் நாத்தனார், அண்ணன் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் எலும்பு அறுவை சிகிச்சை படித்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்று அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயர் பம்பரம். டாக்டரான பிறகும் வீட்டில் அதுதான் பெயர்.

நான் அங்கே நர்ஸ். பதினெட்டு வருடம் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுத்தவள். அந்த வருடம் பயிற்சி அறை என் பொறுப்பில் இருந்தது.

பயிற்சி அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணை முழுக்க மூடும் ஒரு ஹெட்செட், இரண்டு கைக்கும் இரண்டு பிடி, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஒரு திரை. ஹெட்செட்டை மாட்டினால் எதிரே ஆபரேஷன் தியேட்டர் விரியும். மேசையில் நோயாளி, முறிந்த எலும்பு, தகடு, ட்ரில், ஸ்க்ரூ. மாட்டியவர் பார்ப்பது திரையிலும் வரும். திரையைப் பார்க்காதவருக்கு, ஒரு டாக்டர் வெறும் காற்றைத் துளைத்துக்கொண்டிருப்பதுதான் தெரியும்.

மூன்று முறை தொடர்ந்து எண்பத்தைந்துக்கு மேல் வாங்க வேண்டும். 'பக்கத்தில் இருந்து பார்த்தேன்' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் நிஜ மனிதர்மேல் ட்ரில்லைப் பிடிக்கவிடுவார்கள்.

முந்தின நாள் மாலை பம்பரம் மூன்றாவது முறையாகத் தொண்ணூற்றேழு வாங்கிக்கொண்டிருந்தபோது திரை அணைந்தது. ஹெட்செட்டுக்குள் அவளுக்கு எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் பார்க்க எதுவும் இல்லாததால் அவள் கைகளைப் பார்த்தேன்.

வலது கையில் ட்ரில். அது வழுக்காமல் நேராக இறங்க, எலும்பின்மேல் ஒரு சின்னக் குழாயை இடது கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்லீவ் என்போம். ட்ரில் உள்ளே போய் வெளியே வரும்வரை அந்தப் பிடி தளரக் கூடாது.

ட்ரில் பாதிகூட இறங்கியிருக்காது. அவள் இடது கை திறந்துகொண்டது. விரல்கள் விரிந்து, அடுத்த கருவியைத் தேடிப் போய்விட்டன. ஆறு துளைக்கும் ஆறு முறை. மெஷின் அதற்கு ஒரு மார்க்கும் குறைக்கவில்லை.

நான் பேனாவை மூடினேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

அந்த நாளைதான் இது.

*

"ஏம்மா, அதை இங்கயே போட்டுக் குடுத்துடேன்" என்றார் அத்தை, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. "ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் பேனாவுல மை இறங்குமா?"

படிவம் வெண்ணெய் டப்பாவுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் கிடந்தது. பம்பரம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே மேசையைச் சுற்றி நடந்தாள்.

"உக்காந்து தின்னுடி. நீ சுத்தற சுத்துல எனக்கு மயக்கம் வருது."

"உக்காந்தா கால் ஆடுதும்மா."

"ஆடட்டும். மேசைக்கு அடியில ஆடினா யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் உட்காரவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். போனைப் பார்த்தாள். மறுபடி என் பின்னால் வந்து நின்றாள். கழுத்தில் அவள் மூச்சு பட்டது.

"தொண்ணூத்தேழு!" அத்தை கத்தியை உயர்த்தினார். "முப்பத்திரண்டு வருஷம் பேப்பர் திருத்தினவ நான். தொண்ணூத்தேழு போடறதுன்னா என் கை எப்படிக் கூசும் தெரியுமா? அந்த மெஷினே மனசு வந்து போட்டிருக்கு."

"மெஷினுக்கு ஏதும்மா மனசு?"

"சரி. உங்க அண்ணிக்கு இருக்கில்ல?"

நான் டீயைக் குடித்தேன். அது எப்போதோ ஆறியிருந்தது.

"அண்ணி" என்றாள் பம்பரம். "பன்னெண்டு மணிக்கு கேஸ். தபால்காரர். முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா நிக்குது. கடைசி ரெண்டு ஸ்க்ரூ எனக்குன்னு சீஃப் சொல்லிட்டார். பதினோரு மணிக்குள்ள பேப்பர் அவர் மேசையில இருக்கணும். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் வாயில கொழுக்கட்டை?"

"திரை அணைஞ்சுபோச்சு. பாதிதான் பார்த்தேன். 'பார்த்தேன்'னு எப்படி எழுதறது?"

அது பாதி உண்மை. மீதியை அத்தை எதிரில் சொல்ல எனக்கு நா எழவில்லை. மகனுடைய கையைப் பற்றி ஊரே பேசியதைக் கேட்டு வாழ்ந்தவர் அவர். மகன் போன பிறகு, மகளின் கையைத்தான் கண்ணுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் குறை இருக்கிறது என்று ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் எப்படிச் சொல்வது?

இப்போதும் அந்த மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றில்தான் ஆள்.

*

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே போனோம். அவள் முன்னால், நான் பின்னால். பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தாள். பாலம் ஏறும்போது சொல்லிவிட்டேன்.

"இடது கையா?" நின்றாள். பின்னால் வந்த ஒருவர் அவள்மேல் மோதி, மன்னிப்புக் கேட்டுப் போனார். "இதுக்கா ராத்திரி பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தீங்க?"

"இதுக்குத்தான்."

"அண்ணி, ட்ரில் சரியான இடத்துல உக்காந்ததும் உள்ள ஒரு பச்சை விளக்கு வரும். வந்தா ஸ்லீவ் லாக் ஆயிடும். அப்புறம் பிடிச்சா என்ன, விட்டா என்ன? அது அங்கயே நிக்கும்."

"மெஷின்ல நிக்கும்."

"நிஜத்துல நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நிஜத்துல பிடிப்பேன். நீச்சல் குளத்துல கத்துக்கிட்டவன் ஆத்துல இறங்கினா கை காலை மறந்துடுவானா?"

"குளத்துல கால் தரையைத் தொடும்டி."

 அவள் இன்னும் வேகமாக நடந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். அந்த வாசலுக்கு வெளியே நான் அண்ணி. உள்ளே சிஸ்டர். இது நாங்களாகவே முதல் நாள் வகுத்துக்கொண்டது. யாரும் சொந்தம் கொண்டாடியதாகப் பேசிவிடக் கூடாது என்று.

"வாங்க சிஸ்டர்" என்றாள். அதில் கத்தி இருந்தது.

*

அறையைத் திறந்தால் ஸ்பிரிட் வாசனையும் சூடான ஒயர் வாசனையும் சேர்ந்து வரும். நான் திரையின் ஒயரைச் சரிசெய்தேன். ஹெட்செட்டின் நெற்றிப் பஞ்சைத் துடைத்தேன். அவள் அதற்குள் தரையிலிருந்த பாத அடையாளத்தின்மேல் நின்று, கை நீட்டியாகிவிட்டது.

"இன்னொரு தடவை பண்றேன். பாருங்க. நல்லாப் பாருங்க."

அந்த முறை நான் திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். போனில் அவள் கைகளை மட்டும் படம் எடுத்தேன்.

தொண்ணூற்றாறு.

"கை?" ஹெட்செட்டைக் கழற்றும்போதே கேட்டாள். "திறக்கல. எனக்கே தெரியும், நான் நினைச்சு நினைச்சுப் பிடிச்சேன்."

போனை நீட்டினேன். முதல் துளையில் கை திறக்கவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் தளர்ந்தது. மூன்றாவதிலிருந்து பழைய கதைதான்.

அவள் இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறை, கை விரியும் இடத்தில் நிறுத்திப் பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"இது என் கையே இல்ல போல இருக்கு" என்றாள். உடனே குரல் மாறியது. "சரி, மெஷினுக்குன்னு ஒரு பழக்கம் வந்துடுச்சு. ஒத்துக்கறேன். அதுக்காக? அங்க வெயிட் இருக்கும், எலும்பு இருக்கும், ஆள் இருப்பார். கை தானா பிடிக்கும்."

"பிடிக்கலன்னா?"

"சிஸ்டர், ஒண்ணு கேக்கவா? என் இடத்துல வேற யாராவது இருந்தா இப்படி முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னு படம் எடுத்திருப்பீங்களா? திரையைப் பார்ப்பீங்க, மார்க்கைப் பார்ப்பீங்க, கையெழுத்துப் போடுவீங்க. பதினோரு பேருக்கு அப்படித்தானே போட்டீங்க? நான் உங்க நாத்தனாரா வாழ்க்கைப்பட்டதுதான் என் தப்பு."

"வாழ்க்கைப்பட்டது நான்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகவே இன்னும் கோபம் வந்தது.

"அண்ணன் இருந்திருந்தா போட்டிருப்பார்."

மூன்று வருடத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு எங்கோ பார்த்தாள்.  அவர் போட்டிருப்பாரா, மாட்டாரா? எனக்குத் தெரியவில்லை. தெரியாதது அன்றைக்கு எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

அலமாரியைத் திறந்தேன்.

கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் எலும்புகள் கிடந்தன. மெஷின் வருவதற்கு முன்னால் அவற்றில்தான் பயிற்சி. பழைய ட்ரில்லும் இருந்தது. சார்ஜ் போட்டுப் பார்த்தேன், உயிர் வந்தது. எலும்பை மேசையோடு இறுக்கும் இடுக்கிக்கு மட்டும் திருகாணி இல்லை.

"நிஜத்துல பிடிப்பேன்னியே. போடு" என்றேன். எலும்பை மேசைமேல் வைத்து, இரண்டு முனையையும் நானே பிடித்துக்கொண்டேன்.

அப்படிப் பிடிக்கக் கூடாது. பதினெட்டு வருடம் தியேட்டரில் நின்றவளுக்கு அது தெரியாதா? தெரியும். கையுறை மாட்டியிருக்கிறேனே என்று அப்போது நினைத்ததாக ஞாபகம். துளையின் அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. இதை எழுதும் இன்றுவரை எனக்கு அது பிடிபடவில்லை.

"கையை எடுங்க சிஸ்டர்."

"உன் கை ஒழுங்கா இருந்தா என் கைக்கு ஒண்ணும் ஆகாது."

ரோஷம் அவளுக்கு மூக்குநுனியில். ஸ்லீவை வைத்தாள். அழுத்தினாள். முதல் துளை கச்சிதம். நிமிர்ந்து பார்த்தாள், 'எப்படி?' என்று புருவம் கேட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வேகம் வந்தது. ட்ரில் சத்தம் ஒரே சீராக ஏறியது. அவள் முகத்தில் அந்த மெஷின் முகம் வந்ததைப் பார்த்தேன். கண் எங்கோ உள்ளே, உதடு லேசாகப் பிரிந்து.

இடது கை திறந்தது.

ஸ்லீவ் சாய்ந்தது. வளைந்த பிளாஸ்டிக்கின்மேல் ட்ரில் முனை ஒரு சறுக்குச் சறுக்கி, என் கட்டைவிரலுக்குக் கீழே கையுறையைக் கிழித்துக்கொண்டு போனது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் தெரிந்தது அவளுடைய இடது கை. அது காற்றில் விரிந்தபடி, இல்லாத ஒரு கருவியைத் தேடிக்கொண்டிருந்தது.

*

"அசையாதீங்க. அண்ணி, அசையாதீங்கன்னேன்."

ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே அவள் என்னை அண்ணி என்றது அதுதான் முதல் முறை.

குழாயடியில் நிறுத்திக் கழுவினாள். ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள். நரம்பு தப்பியது. தோலும் கொஞ்சம் சதையும்தான். அவசரப் பிரிவுக்குப் போகலாம் என்றாள். வேண்டாம், நீயே போடு என்றேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து எல்லாம் எடுத்து வந்து, என் கையை ஒரு துண்டின்மேல் வைத்து, மரத்துப்போக ஊசி போட்டுக் காத்திருந்தாள். அவள் ஒரு நிமிடம் அசையாமல் காத்திருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது என் போன் அடித்தது. அத்தை. இன்னொரு கையால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"போட்டாச்சா?"

"கையில வேலையா இருக்கேன் அத்தை."

"மணி பத்தே முக்கால் ஆச்சும்மா. கையெழுத்துப் போடச் சொன்னா நீ என்ன, கல்வெட்டா வெட்டிக்கிட்டிருக்கே?"

பம்பரம் ஊசியை இடுக்கியில் பிடித்திருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அம்மா, நான் இன்னைக்குப் பண்ணல."

"யார் சொன்னா? உங்க அண்ணியா?"

"நான்தான் சொல்றேன்."

"ஏய், உனக்கென்ன பைத்தியமா? மூணு மாசமா ராத்திரி பகலா..."

"அண்ணி கையைக் கிழிச்சுட்டேம்மா."

 அத்தை வீட்டில் நின்றுகொண்டிருக்கிறாரா, உட்கார்ந்துவிட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. தண்ணீர்க் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அது எங்கள் அறைக் குழாயா, அவருடையதா என்றும் புரியவில்லை.

"எத்தனை தையல்?"

"மூணு வரும்."

"ஒழுங்காப் போடு" என்றார். போன் கட்டானது.

ஒழுங்காகத்தான் போட்டாள். அவள் இடது கை என் தோலின் ஓரத்தை இடுக்கியால் பிடித்திருந்தது. கடைசி முடிச்சை வெட்டும்வரை அது தளரவே இல்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் பார்த்தாள்.

"இங்க பிடிக்குது பாருங்க" என்றாள் மெல்ல. "அப்ப ஏன் அங்க..."

மூக்கை உறிஞ்சினாள். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் துடைக்க முடியவில்லை. நான் என் நல்ல கையின் மணிக்கட்டால் துடைத்துவிட்டேன்.

கட்டுப் போட்டு முடித்ததும் படிவத்தை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்தாள். "நானே போய்ச் சீஃப்கிட்ட சொல்லிடறேன். நீங்க வந்தா உங்களைத் திட்டுவார். என்னைன்னா, ஒரு நாளைக்கு நாலு தடவை திட்டறார், இது அஞ்சாவது."

*

சீஃப் எங்கள் அறைக்கு வந்தது பன்னிரண்டே காலுக்கு. அவர் அந்த அறைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. கனத்த உடம்பு, மெதுவான நடை, கையில் பேப்பர் கப்பில் டீ. பின்னால் பம்பரம், தலை கவிழ்ந்து.

"பேப்பர் வரும்னு பார்த்தேன். ஆள் வந்து வேண்டாம்னுது" என்றார் என்னிடம். "இருபத்தாறு வருஷத்துல ட்ரில் வேண்டாம்னு சொன்ன முதல் டாக்டர் இதுதான். என்ன பூதம் இருக்கு உங்க மெஷின்ல, காட்டுங்க சிஸ்டர்." என் கட்டைப் பார்த்தார். "ஓ. கடிக்கவும் செய்யுமா?"

"கேஸ் சார்?" என்றேன்.

"துணை சர்ஜன் ஆரம்பிச்சுட்டார். தோலைத் திறந்து, எலும்பைச் சேர்த்து, தகடு வைக்க அரை மணி ஆகும். அதுக்குள்ள போயிடுவேன். இவளுக்குப் பதிலா நெட்டையைக் கை கழுவிட்டுத் தயாரா நிக்கச் சொல்லியிருக்கேன்."

நெட்டை டாக்டர் பம்பரத்துக்கு ஒரு வருடம் மேலே. இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்த மெஷினில் தொண்ணூற்றெட்டு வாங்கித் தேறியவர். தேறிய மறுநாளே மாவுக்கட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். முந்தின நாள்தான் திரும்பி வந்திருந்தார்; நிஜ எலும்பில் இன்னும் ட்ரில் பிடித்ததில்லை.

சீஃப் டீயை என் மேசையில் வைத்தார். ஹெட்செட்டை மாட்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்றலாமா, கூடாதா என்று ஒரு நிமிடம் திணறினார். பம்பரம் பட்டையைத் தளர்த்திக் கொடுத்தாள்.

"அடடே" என்றார் உள்ளே போனதும். "சுத்தமா இருக்கே! நம்ம தியேட்டரை இப்படி ஒரு நாளாவது வச்சிருக்கோமா?"

வேலை ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. அந்தப் பருத்த கைகள் காற்றில் எவ்வளவு நிதானமாக நகர்ந்தன! துளைக்குத் துளை, இடது கை கல்லில் பதித்ததுபோல அப்படியே நின்றது. ட்ரில் வெளியே வந்து, அவர் அதைக் கீழே வைத்த பிறகுதான் விரல்கள் பிரிந்தன. ஆறு துளைக்கும் அப்படியே. பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது.

முடிந்தது. மெஷின் ஒரு மணி அடித்தது. திரையில் சிவப்பாக எழுத்து வந்தது.

அறுபத்தொன்று. தேறவில்லை. மீண்டும் முயலவும்.

 சீஃப் ஹெட்செட்டைக் கழற்றினார். நெற்றியில் பஞ்சின் தடம் பதிந்திருந்தது.

"ஃபெயிலா? என்னையா?"

"நேரம் சார்" என்றாள் பம்பரம். "நீங்க பச்சை விளக்கு வந்தப்புறமும் ஸ்லீவை விடல. ஒவ்வொரு துளைக்கும் நாலு செகண்ட் அதுல போயிடுச்சு. பச்சையைப் பார்த்ததும் கையை விட்டு, அந்தக் கையாலயே அடுத்த கருவியை எடுக்கணும். அப்பத்தான் எண்பத்தஞ்சைத் தாண்டும்."

"பிடிச்சுக்கிட்டே இருக்கறதுக்கு மார்க் குறைக்குதா?"

"பிடிக்கறதுக்கு இல்ல சார். லேட்டுக்கு. ரெண்டும் ஒண்ணாத்தான் போச்சு."

சீஃப் திரையையே பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்த அதே திரை. அதில் எலும்பு தெரியும், ட்ரில் தெரியும், கோணம் தெரியும், மார்க் தெரியும். திறந்த கை தெரியாது. விட்ட கருவி விட்ட இடத்திலேயே நிற்கும். பார்ப்பவருக்கு யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோலவே இருக்கும்.

"இந்த யோசனை உனக்கா வந்ததா?" சீஃப் கேட்டார்.

"இல்ல சார்." பம்பரம் சொல்லத் தயங்கினாள். "எனக்கு எழுபத்தொம்பதுக்கு மேல ஏறவே இல்ல. அப்ப நெட்டைதான் சொல்லிக் குடுத்தார். அப்படித்தான் அவர் தொண்ணூத்தெட்டு..."



மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். பன்னிரண்டு நாற்பத்தேழு.

சீஃப் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக நகரும் என்று நான் நினைத்ததில்லை. தியேட்டர் மூன்று மாடி மேலே. லிஃப்ட் வருவதற்குள் என்னென்னவோ ஆகலாம். "படி! சார், படி!" என்று கத்திக்கொண்டே பம்பரம் அவரையும் தாண்டி ஓடும் சத்தம் கேட்டது.

நான் மேசையிலிருந்த ஆஸ்பத்திரி போனை எடுத்தேன். கட்டுப் போட்ட கையில் ரிசீவர் நிற்கவில்லை. தோளில் இடுக்கிக்கொண்டு தியேட்டர் எண்ணை அழுத்தினேன். ஒரு தடவை மணி அடித்தது. இரண்டு. மூன்று. நாலு.

"தியேட்டர்." எனக்குத் தெரிந்த நர்ஸ்தான்.

"நான் பயிற்சி அறையிலிருந்து பேசறேன். தபால்காரர் கேஸ்ல ட்ரில்லை நிறுத்தச் சொல்லு. சீஃப் வந்துக்கிட்டிருக்கார். நிறுத்தச் சொல்லு."

"என்ன சிஸ்டர்? சரியாக் கேக்கல. இங்க சத்தமா இருக்கு."

"யார் ட்ரில் பிடிச்சிருக்காங்க?"

"நெட்டை டாக்டர். சீஃப் வர லேட்டாகும் போல, நீ ஆரம்பிச்சுடுன்னு துணை சர்ஜன் குடுத்துட்டார்." அவள் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோலவே சொன்னாள்: "கவலைப்படாதீங்க. குடுக்கறதுக்கு முன்னால பேப்பரைப் பார்த்துட்டுத்தான் குடுத்தார். உங்க கையெழுத்து இருக்கே, சிஸ்டர்."

அவளுக்குப் பின்னால், ட்ரில் சத்தம் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது.